டாட் போடணுமா டை போடணுமா? கொயர் மொத்தமும் ஒரே இடத்துல தடுமாறுது

ஏற்காடு_ஆல்ட்டோ எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஏற்காட்டுல ஒரு சின்ன சர்ச் கொயர்ல ஆல்ட்டோ பாடுறேன், போன வருஷத்துல இருந்து பார்ட்ஸ் எழுதிக் குடுக்குற வேலையும் என்கிட்ட வந்துடுச்சு. கிறிஸ்துமஸுக்குப் பாடுற ஒரு பாட்டோட பழைய ஜெராக்ஸ் ரொம்ப மங்கிப்போச்சு, சில இடத்துல ஸ்டாஃப் கோடே தெரியல, அதனால மியூஸ்ஸ்கோர்ங்கற நோட்டேஷன் சாஃப்ட்வேர்ல உக்காந்து நாலு வாய்ஸையும் புதுசா அடிச்சு பிரிண்ட் எடுத்துக் குடுத்துடலாம்னு ஆரம்பிச்சேன்.

பழைய பேப்பர்ல நிறைய இடத்துல ஒரு க்ராட்செட்டையும் (ஒரு பீட் நோட்டு) ஒரு குவேவரையும் (அரை பீட் நோட்டு) வளைவுக் கோடு போட்டு டை பண்ணியிருந்தாங்க. ஒரு பீட்டும் அரை பீட்டும் சேர்ந்தா ஒன்றரை, அது டாட்டட் க்ராட்செட்தானே (பக்கத்துல புள்ளி வெச்ச க்ராட்செட்), எதுக்கு ரெண்டு நோட்டு எழுதி நெரிசலாக்கணும்னு நெனச்சு முடிஞ்ச இடத்துல எல்லாம் டாட்டா மாத்திட்டேன். பாக்க அவ்ளோ சுத்தமா இருந்துச்சு, ப்ளேபேக் போட்டுக் கேட்டாலும் அதே சத்தம்தான் வருது.

ஆனா போன சனிக்கிழமை ப்ராக்டிஸ்ல ஒரு பார்ல எல்லாரும் மாட்டிக்கிட்டாங்க. 4/4 பாட்டு, அதாவது ஒரு பாருக்கு (ரெண்டு பார் லைனுக்கு நடுவுல இருக்குற பகுதி) நாலு பீட். அந்த பார்ல நான் எழுதினது இப்படி: முதல்ல ஒரு க்ராட்செட், அப்புறம் டாட்டட் க்ராட்செட், அப்புறம் ஒரு குவேவர், கடைசில ஒரு க்ராட்செட். கணக்கு கரெக்ட், நாலு பீட் வருது. ஆனா அந்த ஒத்தை குவேவர் வர்ற இடத்துல சோப்ரானோ முன்னாடியே பாயுறாங்க, டெனர் காத்திருந்து காத்திருந்து நாலாவது பீட்ல போய் விழுறாங்க, நாங்க ஆல்ட்டோ நடுவுல முழிக்கிறோம். ஏழெட்டு தடவை பாடியும் சரியா வரல. இதுல எனக்கு ஆச்சரியம் என்னன்னா, ரெண்டு வயசான ஆன்ட்டி மட்டும் 'எங்களுக்குப் பழைய பேப்பரே போதும்மா'ன்னு ஜெராக்ஸைப் பாத்து பாடுனாங்க, அவங்க ரெண்டு பேரும் ஒரு தடவை கூட தப்பல.

சத்தம் ஒண்ணுதான்னா எப்படி எழுதினாலும் ஒண்ணுதானே? இல்ல, டாட்டுக்கு ஒரு இடம் டைக்கு ஒரு இடம்னு ரூல் இருக்கா? இன்னும் மூணு ப்ராக்டிஸ்தான் இருக்கு, திரும்ப அடிக்கணும்னா இந்த வாரமே அடிக்கணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.


ஃபேர்லேண்ட்ஸ்_கீபோர்டு_டீச்சர் எழுதியது:

சிஸ்டர், உங்க கணக்குல தப்பே இல்ல, ஆனா அந்த பார் எழுதின விதம் தப்பு. சேலத்துல 18 வருஷமா கீபோர்டும் தியரியும் சொல்லிக் குடுக்குறேன், வருஷா வருஷம் பிள்ளைங்க இதே இடத்துலதான் மார்க் விடுறாங்க, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

டாட் என்ன பண்ணுது, நோட்டோட பாதியை அதோடயே கூட்டுது. ரெண்டு பீட் நோட்டான மினிம்க்கு டாட் போட்டா மூணு பீட், க்ராட்செட்டுக்குப் போட்டா ஒன்றரை. டை என்ன பண்ணுது, ஒரே சுருதில பக்கத்து பக்கத்துல இருக்குற ரெண்டு நோட்டை ஒட்டி ஒரே நோட்டா இழுக்க வைக்குது. ரெண்டுலயும் காதுக்குக் கேக்குறது ஒண்ணுதான், நீங்க சொன்னது சரி. ஆனா நோட்டேஷன் காதுக்காக எழுதுறது இல்லையே, கண்ணுக்காகத்தானே எழுதுறோம். பாடுறவங்க கண்ணு ஒவ்வொரு பார்லயும் பீட் எங்க இருக்குன்னு தேடிக்கிட்டே போகும்.

4/4ல பார் சரியா நடுவுல உடையுது, ரெண்டு பீட் இந்தப் பக்கம், ரெண்டு பீட் அந்தப் பக்கம். மூணாவது பீட் ஆரம்பிக்குற இடத்துல கண்ணுக்குத் தெரியாத ஒரு பார் லைன் இருக்குன்னு என் பிள்ளைங்ககிட்ட சொல்லுவேன். உங்க டாட்டட் க்ராட்செட் ரெண்டாவது பீட்ல ஆரம்பிச்சு மூணாவது பீட்டைத் தாண்டி அதோட பாதி வரைக்கும் போகுது. மூணாவது பீட் அந்த டாட்டுக்குள்ள புதைஞ்சு போச்சு, பேப்பர்ல அது எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியல. அடுத்து வர்ற குவேவர் மூணாவது பீட்டோட பின்பாதி, ஆனா மூணாவது பீட்டே கண்ணுல படாதப்போ அதோட பின்பாதியை எப்படிப் பிடிக்கிறது? அதான் ஆளுக்கு ஒரு பக்கம் ஓடிட்டாங்க.

பழைய பேப்பர்ல க்ராட்செட், அப்புறம் க்ராட்செட் டை குவேவர், அப்புறம் ஒரு குவேவர், க்ராட்செட்னு இருந்திருக்கும். டை பண்ணின அந்த குவேவர் தலை சரியா மூணாவது பீட்ல நிக்கும், அடுத்த குவேவரோட ஒரே பீம்ல (நோட்டுங்களை இணைக்குற தடிமனான கோடு) சேர்ந்து இருக்கும். உங்க ஆன்ட்டிங்க அந்தத் தலையைப் பாத்துதான் பாடியிருக்காங்க. நம்ம ஏற்காடு ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவுக்கும் நம்பர் போர்டு வெச்சிருக்காங்க இல்ல, பஸ்ல தூங்கி முழிச்சாலும் போர்டைப் பாத்தா எந்த வளைவுல இருக்கோம்னு தெரிஞ்சிடும். டையோட ரெண்டாவது தலை அந்த போர்டு மாதிரி. அதுல புதுசா சத்தம் எதுவும் வராது, இடத்தை மட்டும் காட்டும்.

அதே டாட்டட் க்ராட்செட் முதல் பீட்லயோ மூணாவது பீட்லயோ ஆரம்பிச்சா தாராளமா டாட் போடுங்க, அது பாதி பாருக்குள்ள அடங்கிடும், பின்னாடி ஒரு குவேவர் வந்து ரெண்டு பீட்டை முடிச்சு வெச்சிடும். அங்க போய் டை போட்டீங்கன்னா அதுதான் தேவையில்லாத நெரிசல். ஒரு குவேவர் முதல்ல வந்து அப்புறம் டாட்டட் க்ராட்செட் வந்தாலும் சரிதான், ரெண்டும் சேர்ந்து ரெண்டு பீட்டுக்குள்ள முடியுது. ஆக, எல்லா டாட்டையும் மாத்த வேண்டாம், நடு பாரைத் தாண்டுற டாட்டை மட்டும் தேடி மாத்துங்க.

பார் லைனைத் தாண்டி இழுக்கணும்னா அங்க டை மட்டும்தான், வேற வழியே கிடையாது. மியூஸ்ஸ்கோரே அதைத் தானா பண்ணிடும், நாலாவது பீட்ல ஒரு மினிம் அடிச்சுப் பாருங்க, அதுவே ரெண்டா வெட்டி டை போட்டுக் குடுக்கும். ஆனா பாருக்கு உள்ள நீங்க என்ன அடிச்சீங்களோ அதை அப்படியே விட்டுடும். டூல்ஸ் மெனுல ரீகுரூப் ரிதம்ஸ்னு ஒண்ணு இருக்கு, அந்த பாரை செலக்ட் பண்ணிட்டு அதை ஓட்டுனா பீட் தெரியுற மாதிரி மாத்திக் குடுக்கும். மொத்த பாட்டுக்கும் ஒரே அடியா ஓட்டாதீங்க, ஃபைலை ஒரு காப்பி வெச்சுட்டு ஒவ்வொரு பாரா பண்ணுங்க, மெஷின் மாத்துனதை ஒரு தடவை கண்ணால பாத்துட்டு அப்புறம் பிரிண்ட் போடுங்க.


செவ்வாய்பேட்டை_கிட்டார் எழுதியது:

டீச்சர் சொன்னது அடிப்படை, அதுல மாத்துக் கருத்து இல்ல, ஆனா இதை இரும்பு ரூல் மாதிரி பிடிச்சுக்கிட்டா வேற சிக்கல் வரும்னு தோணுது. நான் கல்யாண கச்சேரி பேண்டுக்கு சார்ட் எழுதுறவன், எங்க ஆளுங்க முன்னப்பின்ன பாக்காத சார்ட்டை மேடைலயே வாசிப்பாங்க.

4/4ல க்ராட்செட் மினிம் க்ராட்செட்னு எழுதுறோம், அந்த மினிம் நடு பாரைத் தாண்டித்தான் உக்காந்திருக்கு. அதை யாரும் க்ராட்செட் டை க்ராட்செட்னு பிரிக்கிறது இல்ல, மினிமாவே எழுதுறாங்க, அச்சான புக்ஸ்லயும் அப்படித்தான் இருக்கு. ரெண்டாவது பீட்ல ஆரம்பிக்குற டாட்டட் மினிமும் அப்படித்தான், யாருக்கும் குழப்பம் வராது. ஏன்னா அந்த நோட்டுங்க ஆரம்பிக்குறதும் முடியுறதும் முழு பீட்லதான். பீட்டோட பாதில ஆரம்பிச்சோ பாதில முடிஞ்சோ நடுவைத் தாண்டுனாதான் பிரச்சனை, உங்க பார்ல நடந்தது அதான்.

இன்னொண்ணு, குவேவர் கணக்குல 3 3 2 ன்னு வர்ற ரிதம், அதாவது டாட்டட் க்ராட்செட், டாட்டட் க்ராட்செட், க்ராட்செட். சுத்தமா ரூல்படி எழுதணும்னா ரெண்டாவது டாட்டட் க்ராட்செட்டை உடைச்சு குவேவர் டை க்ராட்செட்னு எழுதணும். ஆனா வெஸ்டர்ன் பாப்ல ஊறின வாசிப்பாளருக்கு ரெண்டு டாட்டும் ஒரு க்ராட்செட்டும் ஒரு படம் மாதிரி மனசுல பதிஞ்சிருக்கு, பாத்த உடனே வாசிச்சிடுவான், டை போட்டுக் குடுத்தா ஒரு செகண்ட் யோசிக்கிறான். அதனால யாருக்கு எழுதுறோம்ங்கறதும் முக்கியம். சர்ச் கொயருக்கு டீச்சர் சொன்ன மாதிரியே போங்க சிஸ்டர், பேண்டுக்குன்னா நான் ரெண்டு டாட்தான் போடுவேன்.


ஃபேர்லேண்ட்ஸ்_கீபோர்டு_டீச்சர் எழுதியது:

கிட்டார் தம்பி, மினிம் விஷயத்துல நீங்க சொல்றது ரொம்ப சரி, நான் அதை விட்டுட்டேன். 3 3 2 க்கு மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். பேண்ட்ல ட்ரம்ஸ் பீட்டைக் காட்டிக்கிட்டே இருக்கும், அதனால பேப்பர் காட்டலன்னாலும் தப்பிச்சிடலாம். வாத்தியமே இல்லாம நாலு வாய்ஸ் மட்டும் பாடுறப்போ பீட்டைக் காட்ட பேப்பரை விட்டா வேற என்ன இருக்கு? பரீட்சை எழுதுற பிள்ளைங்களும் டை போட்டே எழுதிப் பழகட்டும்.


அம்மாபேட்டை_மிருதங்கம் எழுதியது:

இந்தப் பேச்சைப் படிச்சதும் சும்மா இருக்க முடியல. நான் வாசிக்கிறது மிருதங்கம், ஸ்டாஃப் நோட்டேஷன் பின்னாடிதான் கத்துக்கிட்டேன், வயலின் வாசிக்கிற என் தங்கச்சிக்காக.

நம்ம கர்நாடக நோட்டேஷன்ல இந்தச் சண்டையே கிடையாதுங்க. ஸ்வரத்தை நீட்டணும்னா பக்கத்துல கமா போடுறோம், ஒரு கமா ஒரு அக்ஷரம், செமிகோலன் போட்டா ரெண்டு. 'ஸ , , ரி'ன்னு எழுதுனா ஸட்ஜம் மூணு பங்கு ரிஷபம் ஒரு பங்கு, ஸ்டாஃப்ல அது டாட்டட் குவேவரும் செமிகுவேவரும் (குவேவர்ல பாதி). அந்த நீட்டல் அடுத்த தட்டுக்குப் போச்சுன்னா கமாவும் தாளக் கோட்டைத் தாண்டி அடுத்த தட்டுக்குக் கீழ போய் உக்காரும். ஒவ்வொரு கமாவும் ஒரு இடத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்குறதால தட்டு எங்க விழுதுன்னு தேடவே வேண்டாம். கார்வை, அதாவது அந்த நீட்டல், எவ்ளோ நீளமா இருந்தாலும் தாளம் மறையாது. டையும் அதே வேலையைத்தான் பண்ணுதுன்னு எனக்குப் புரிஞ்ச அன்னைக்குத்தான் ஸ்டாஃப் நோட்டேஷன் மேல இருந்த பயம் போச்சு.

உங்க பாரைச் சொல்லிக் குடுக்க ஒரு வழி சொல்றேன் சிஸ்டர். ஒரு குவேவருக்கு ஒரு சொல்லுன்னு வெச்சு 'தகதிமி தகஜுணு'ன்னு எல்லாரையும் கையில தாளம் போட்டுக்கிட்டே சொல்ல வைங்க, எட்டு சொல்லு, ஒரு பார். அதுல நோட்டு விழுற இடம் த, தி, அப்புறம் ரெண்டாவது பாதில க, ஜு. அதாவது ரெண்டாவது 'த'ல யாரும் புதுசா நோட்டு எடுக்கக் கூடாது, இழுத்துக்கிட்டே இருக்கணும், ஆனா மனசுக்குள்ள அந்த 'த' அடிச்சே ஆகணும். அது அடிச்சாதான் 'க' சரியா வரும். டை பண்ணின குவேவர் தலை நிக்குறது அந்த ரெண்டாவது 'த' மேலதான். முதல்ல எட்டு சொல்லையும் வாய் விட்டுச் சொல்லுங்க, அடுத்து அந்த நாலு சொல்லை மட்டும் சத்தமா மத்ததை முணுமுணுப்பா, அப்புறம் பாட்டு. பத்து நிமிஷத்துல வந்துடும், எங்க தெருப் பிள்ளைங்ககிட்ட பண்ணிப் பாத்திருக்கேன்.

இன்னும் ஒண்ணு சொல்லணும். மிஸ்ர சாபு பாட்டை ஸ்டாஃப்ல 7/8னு எழுதுறாங்க. முழு பாரும் ஒரே ஸ்வரம் இழுக்கணும்னா ஏழு குவேவர். டபுள் டாட் போட்ட ஒரு மினிம் சரியா ஏழு குவேவர் வரும், நாலு கூட ரெண்டு கூட ஒண்ணு. கணக்கா பாத்தா ஒத்தை நோட்டுல முடிஞ்சிடுது. ஆனா தகிட தகதிமி எங்க போச்சு? மூணும் நாலும்தானே மிஸ்ரத்தோட உயிரு. டாட்டட் க்ராட்செட்டை ஒரு மினிமோட டை பண்ணி எழுதுங்க, தகிட தனியா தகதிமி தனியா கண்ணுல தெரியும். என் தங்கச்சிக்கு யாரோ எழுதிக் குடுத்த பேப்பர்ல டபுள் டாட் இருந்துச்சு, பாவம் அவ ஒவ்வொரு தடவையும் நாலு மூணுன்னு புரட்டி எண்ணிக்கிட்டு இருந்தா. டை போட்டு மாத்தி எழுதிக் குடுத்தேன், அன்னைக்கே சரியாச்சு. கண்ட சாபுக்கு டாட்டே உதவாது, அஞ்சு குவேவருக்கு டபுள் டாட் போட்டாலும் நோட்டு கிடையாது, க்ராட்செட் டை டாட்டட் க்ராட்செட்தான், ரெண்டும் மூணும்.


ஏற்காடு_ஆல்ட்டோ எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ பொறுமையா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. தகதிமி தகஜுணு நானே கிச்சன்ல நின்னு சொல்லிப் பாத்தேன், அந்த ரெண்டாவது 'த'வை விழுங்குனா உண்மையிலேயே எல்லாம் சரியுது.

நேத்து ராத்திரி உக்காந்து அந்த மாதிரி 11 பார் கண்டுபிடிச்சு டையா மாத்திட்டேன். ஆனா இப்ப புது பிரச்சனை. ரெண்டு இடத்துல ப்ளேபேக்ல அந்த நோட்டு ரெண்டு தடவை அடிக்குது, டை போட்டும் ஒட்ட மாட்டேங்குது. அப்புறம் சின்னப் பிள்ளைங்ககிட்ட ட்ரையல் காட்டுனப்போ டையோட ரெண்டாவது தலைல அடுத்த எழுத்தைப் பாடிட்டாங்க. டாட் இருந்தப்போ இந்தத் தப்பு வரல. அதுக்கு என்ன பண்றது?


ஃபேர்லேண்ட்ஸ்_கீபோர்டு_டீச்சர் எழுதியது:

ரெண்டு தடவை அடிச்சா நீங்க போட்டது டை இல்ல, ஸ்லர். பாக்க ரெண்டும் ஒரே வளைவு மாதிரிதான் இருக்கும், ஆனா ஸ்லர் வேற வேற சுருதில இருக்குற நோட்டுங்களை மூச்சு விடாம சேர்த்துப் பாடச் சொல்லுது, டை ஒரே சுருதியை ஒட்ட வைக்குது. மியூஸ்ஸ்கோர்ல எஸ் தட்டுனா ஸ்லர், டி தட்டுனா டை. அந்த ரெண்டு இடத்தையும் செலக்ட் பண்ணி அழிச்சுட்டு முதல் நோட்டு மேல வெச்சு டி தட்டுங்க. ப்ளேபேக் இதுக்கு நல்ல சோதனை, அதையும் கேட்டுட்டே பிரிண்ட் போடுங்க. பியானோ பார்ட்ல கார்டு (ஒரே நேரத்துல சேர்த்து அடிக்குற நோட்டுங்க) வந்தா ஒவ்வொரு நோட்டுக்கும் தனித்தனி டை வேணும், மூணு நோட்டு கார்டை முழுசா இழுக்கணும்னா மூணு வளைவு, ஒண்ணே ஒண்ணு போட்டா மத்த ரெண்டும் திரும்ப அடிக்கும்.

பாட்டு எழுத்து விஷயம்: டை பண்ணின ரெண்டு நோட்டுக்கும் சேர்த்து ஒரே எழுத்துதான், அது முதல் தலைக்குக் கீழ மட்டும் வரணும். ரெண்டாவது தலைக்குக் கீழ எதுவும் எழுதாதீங்க. இழுக்குற எழுத்து ஒரு சொல்லோட கடைசி எழுத்துன்னா அதுக்குப் பக்கத்துல ஒரு நீட்டுக் கோடு வரணும், மியூஸ்ஸ்கோர்ல லிரிக்ஸ் அடிக்கிறப்போ அண்டர்ஸ்கோர் தட்டுனா அது வந்துடும். அந்தக் கோடு ரெண்டாவது தலைக்குக் கீழ ஓடுறதைப் பாத்தா பிள்ளைங்க இங்க இன்னும் அதே எழுத்துதான்னு புரிஞ்சுக்குவாங்க. உங்க ஃபைல்ல எழுத்துங்க ஒரு நோட்டு தள்ளிப் போயிருக்கவும் வாய்ப்பு இருக்கு, டாட்டை டையா மாத்துன எல்லா இடத்தையும் ஒரு தடவை வாய் விட்டுப் படிச்சுப் பாருங்க.

ஷார்ப் ஃபிளாட் (சுருதியை அரைப்படி ஏத்துற, இறக்குற குறி) இருக்குற நோட்டை பார் லைன் தாண்டி டை பண்றீங்கன்னா அடுத்த பார்ல டை பண்ணின தலைக்குத் திரும்ப ஷார்ப் போட வேண்டாம், அது தொடரும். ஆனா அதே பார்ல அதுக்கப்புறம் அதே நோட்டு ஷார்ப்பா வந்தா மறுபடி எழுதியே ஆகணும். கொயர்ல பாதி தப்பு சுருதி இதுனாலதான் வருது.


பழைய_பேஸ்_வாய்ஸ் எழுதியது:

அம்மா, அந்த ரெண்டு ஆன்ட்டி தப்பாம பாடுனாங்கன்னு எழுதியிருந்தீங்க. பேப்பர்ல டை இருந்தது மட்டும்தான் காரணமான்னு எனக்கு ஒரு சந்தேகம். அவங்க வயசு என் வயசா இருந்தா சின்ன வயசுல டானிக் சோல்ஃபாவுல பாடிப் பழகியிருப்பாங்க. நான் 1960கள்ல சேலத்துல சர்ச் கொயர்ல சேர்ந்தப்போ எங்களுக்கு ஸ்டாஃப் தெரியாது, டோ ரே மீ எழுத்துதான். இங்கிலாந்துல சாரா கிளவர் ஆரம்பிச்சதை ஜான் கர்வென் 19ஆம் நூற்றாண்டுல விரிவாக்கி ஊரெல்லாம் பரப்புனது, மிஷன் ஆளுங்க மூலமா நம்ம பக்கமும் வந்து சேர்ந்துச்சு.

சோல்ஃபாவுல ஒவ்வொரு பீட்டுக்கும் நடுவுல கோலன் போடுவோம். நோட்டு நீண்டா அடுத்த பீட்ல ஒரு சின்ன படுக்கைக் கோடு போடணும், அந்த பீட்டைக் காலியா விடவே கூடாது. நாலு பீட் பாருக்கு நடுவுல, மூணாவது பீட்டுக்கு முன்னாடி, ஒரு குட்டையான நேர்கோடு வரும். டீச்சரம்மா கண்ணுக்குத் தெரியாத பார் லைன்னு சொன்னாங்களே, அது எங்களுக்கு அச்சுலயே தெரியும். உங்க அந்த பார் சோல்ஃபாவுல எப்படி இருக்கும்னா: பெரிய கோடு, டோ, கோலன், மீ, குட்டைக் கோடு, படுக்கைக் கோடு, ஒரு புள்ளி, ரே, கோலன், டோ. மீ மூணாவது பீட்டுக்குள்ள நுழையுறதை அந்தப் படுக்கைக் கோடு காட்டிடும், புள்ளிக்கு அப்புறம் ரே. தப்புறதுக்கு வழியே இல்ல.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம், சோல்ஃபாவுல புள்ளின்னா நீட்டுறது கிடையாது, பீட்டை ரெண்டா வெட்டுறது. ஸ்டாஃப்ல புள்ளின்னா பாதி கூடும். நான் 40 வயசுக்கு மேல ஸ்டாஃப் கத்துக்கிட்டப்போ இந்தப் புள்ளிதான் என்னை ரொம்ப நாள் படுத்துச்சு, புள்ளியைப் பாத்தாலே சுருக்கிடுவேன், கொயர் மாஸ்டர் பொறுமையா ஒவ்வொரு டாட்டையும் பென்சில்ல டையா உடைச்சு எழுதிக் குடுத்தார், அப்படித்தான் பழகினேன். உங்க கொயர்ல சோல்ஃபா பழகின பெரியவங்க இருந்தா டாட்டைவிட டை அவங்களுக்கு இன்னும் சுலபம்.

பழைய அச்சுப் புத்தகங்கள்ல பார் லைனுக்கு இந்தப் பக்கம் நோட்டு, அந்தப் பக்கம் வெறும் புள்ளின்னு போட்டிருக்குறதையும் பாத்திருக்கேன், பரோக் காலத்துப் பழக்கம் அது. அந்தக் காலத்துல டாட்டோட நீளமே நிலையா இல்லாம கூடிக் குறைஞ்சுக்கிட்டு இருந்துச்சு, மொசார்ட்டோட அப்பா லியோபோல்ட் 1756ல வயலின் கத்துக் குடுக்க எழுதின புத்தகத்துல, வாசிக்கிறவங்க இஷ்டத்துக்கு விடாம ரெண்டு புள்ளி போட்டே எழுதிடலாம்னு சொல்லியிருக்கார். டையில அந்தச் சந்தேகமே வராது, ரெண்டு நோட்டோட நீளம் கூட்டுனா முடிஞ்சுது.


சூரமங்கலம்_அப்பா எழுதியது:

நடுவுல நுழையுறதுக்கு மன்னிக்கணும். என் பையன் கிரேடு 3 தியரிக்குப் படிக்கிறான், 6/8ல மாட்டிக்கிட்டு இருக்கான். அதுல டாட்தான் போடணும்னு ஒரு இடத்துல இருக்கு, டை போடணும்னு இன்னொரு இடத்துல இருக்கு. 4/4 ரூல் இதுக்கும் வருமா? எனக்கு மியூசிக் தெரியாது, ராத்திரி அவன்கூட உக்காந்து பாக்குறதுக்காகக் கேக்குறேன்.


அம்மாபேட்டை_மிருதங்கம் எழுதியது:

சார், 6/8 தகிட தகிட. ஒரு தகிட ஒரு பீட், ஒரு பீட்டுக்கு மூணு குவேவர், அதனால ஒரு பீட்டை எழுதுறதே டாட்டட் க்ராட்செட்டாதான். இங்க டாட் எதையும் மறைக்கல, அதுதான் பீட்டே. முழு பாரும் இழுத்தா டாட்டட் மினிம். ரெண்டாவது தகிட பாதில தொங்குறப்போதான் டை வேணும், உதாரணமா அஞ்சு குவேவர் இழுக்கணும்னா ஒரு டாட்டட் க்ராட்செட் டை ஒரு க்ராட்செட், தகிட முழுசா, அப்புறம் தக. முதல் தகிடவோட கடைசி 'ட'ல ஆரம்பிச்சு ரெண்டாவது தகிடக்குள்ள போற நோட்டுக்கும் டைதான், குவேவர் டை பண்ணி மிச்சத்தை அந்தப் பக்கம் எழுதணும்.

பையனை 6/8 கணக்குக் கேள்வி வந்தா முதல்ல பேப்பர் ஓரத்துல தகிட தகிடன்னு எழுதச் சொல்லுங்க, ஒவ்வொரு எழுத்துக்கும் மேல நோட்டு எங்க விழுதுன்னு புள்ளி வைக்கட்டும், அப்புறம் பென்சில் எடுக்கட்டும். 3/4லயும் ஆறு குவேவர்தான், ஆனா அது தக தக தக, மூணு ரெண்டு. ஆறு குவேவர்னு எண்ணிட்டு ரெண்டையும் ஒண்ணா நெனச்சுட்டான்னா பீமும் தப்பும் டாட்டும் தப்பும்.


ஃபேர்லேண்ட்ஸ்_கீபோர்டு_டீச்சர் எழுதியது:

மிருதங்கம் சார் சொன்ன தகிட வழி அருமை, நானும் திங்கட்கிழமை கிளாஸ்ல பயன்படுத்திக்கிறேன். அப்பா, பையன்கிட்ட இன்னும் ரெண்டு மட்டும் சொல்லிடுங்க. 9/8ல முழு பார் இழுக்க ஒத்தை நோட்டு கிடையாது, டாட்டட் மினிம் டை டாட்டட் க்ராட்செட். ரெஸ்ட்டுக்கு டை போடவே கூடாது, மௌனத்தை ஒட்ட வைக்க ஒண்ணும் இல்ல, ரெண்டு ரெஸ்ட் பக்கத்து பக்கத்துல வந்தாலே அது ஒரே மௌனம்தான். அப்புறம் நோட்டு கோட்டு மேல உக்காந்திருந்தா டாட்டைக் கோட்டு மேல வைக்காம அதுக்கு மேல இருக்குற இடைவெளில வைக்கணும், கோட்டு மேல வெச்சா கண்ணுக்கே தெரியாது.


ஏற்காடு_ஆல்ட்டோ எழுதியது:

இன்னைக்கு சனிக்கிழமை ப்ராக்டிஸ் முடிச்சுட்டு எழுதுறேன். வெளிய ஒரே பனி, எதிர்ல வர்ற ஆளே தெரியல, கீழ சேலத்துல இருந்து வர்ற ரெண்டு டெனர் பிரதர் கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும்னு பாதில கிளம்பிட்டாங்க, ஆனா அதுக்குள்ள அந்த பார் வந்துடுச்சு!

முதல்ல பேப்பரே குடுக்காம தகதிமி தகஜுணு சொல்ல வெச்சேன். சோப்ரானோ பிள்ளைங்க சிரிச்சாங்க, மூணாவது தடவை எல்லாரும் தொடைல தட்டிக்கிட்டே சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. அப்புறம் புது பேப்பர், டை போட்டது. முதல் தடவையே குவேவர் எல்லாருக்கும் ஒண்ணா விழுந்துச்சு, எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. பழைய டாட் பேப்பரையும் ஒரு தடவை குடுத்துப் பாத்தேன், இந்த தடவை அதுலயும் சரியாதான் பாடுனாங்க, ஏன்னா இப்ப மூணாவது பீட் எங்க இருக்குன்னு உடம்புக்கே தெரிஞ்சுபோச்சு. ஆனா புதுசா சேர்ந்த ஒரு பிள்ளை மட்டும் டாட் பேப்பர்ல மறுபடி தடுமாறுச்சு, டை பேப்பர்ல நல்லா பாடுச்சு. அதனால டை பேப்பரேதான் வெச்சுக்கப் போறோம்.

பேஸ் அங்கிள், நீங்க சொன்னது அப்படியே உண்மை. ஆன்ட்டிங்ககிட்ட கேட்டேன், ரெண்டு பேருமே சோல்ஃபாதான் படிச்சிருக்காங்க, ஒருத்தங்க வீட்டு டிரங்குப் பெட்டில இன்னும் கையால எழுதின சோல்ஃபா நோட்டுப் புத்தகம் வெச்சிருக்காங்களாம், அடுத்த வாரம் கொண்டு வர்றேன்னு சொன்னாங்க. அதுல இருக்குற பாட்டுங்களை நான் ஸ்டாஃப்ல மாத்தி எழுதலாம்னு ஆசை. அந்தக் குட்டைக் கோடு வர்ற இடத்தைத் தாண்டுற நோட்டு எல்லாத்துக்கும் டைன்னு வெச்சுக்கிட்டா சரியா வருமா அங்கிள்?


பழைய_பேஸ்_வாய்ஸ் எழுதியது:

வரும்மா. கிட்டார் தம்பி சொன்ன மாதிரி முழு பீட்ல ஆரம்பிச்சு முழு பீட்ல முடியுற மினிமையும் டாட்டட் மினிமையும் மட்டும் அப்படியே விட்டுடுங்க, மத்ததுக்கு டை. சோல்ஃபாவுல கமா வந்தா அது கால் பீட், அதை மட்டும் பாத்து எழுதுங்க, கையெழுத்துல கமாவும் புள்ளியும் ஒண்ணு போலவே இருக்கும். அந்த நோட்டுப் புத்தகத்தை முதல்ல பக்கம் பக்கமா போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, பழைய மை பனிக்காலத்துல ஈரம் பட்டா ஊறிடும்.